எடிஸ்டோன் கலங்கரை விளக்கம் (ஸ்மீட்டன் கட்டியது): கல் பூட்டு, சாந்து – மாதிரி செய்ய விவரம் தேவை

கட்டடப்பாடம்:

வணக்கம். பாலிடெக்னிக் சிவில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கான செயல்திட்டம் இது. இங்கிலாந்தில் பிளிமத் துறைமுகத்துக்கு வரும் கடல்வழியில், எடிஸ்டோன் பாறைமேல் ஜான் ஸ்மீட்டன் 1756–59-ல் கட்டிய கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகத்தை 1:20 அளவில் பிளாஸ்டர் கட்டிகளால் அடுக்கிக் காட்ட வேண்டும். கூடவே, தண்ணீருக்கடியில் இறுகும் சாந்துக்காக அவர் செய்த சோதனையையும் ஆய்வகத்தில் செய்து பார்க்க வேண்டும். மூன்று சந்தேகங்கள்:

1. கிடைக்கிற படங்களில் ஒரு வரியின் (ஒரு கிடைமட்டக் கல் அடுக்கின்) மேல்தோற்றம் மட்டும் இருக்கிறது. கற்கள் ஒன்றுக்கொன்று புறாவால் போல (நுனி அகன்று அடி குறுகிய வடிவில்) பூட்டியிருப்பது தெரிகிறது. ஆனால் ஒரு வரிக்கும் அதன் மேல்வரிக்கும் நடுவில் பிடிப்பு எது? சாந்து மட்டும்தானா?

2. சாந்து ஒன்றுக்கு ஒன்று என்கிறார்கள். அது அளவிலா, எடையிலா? அதில் சேர்த்த இத்தாலியப் பொசொலானாவுக்கு (எரிமலைச் சாம்பல் மண்) பதிலாக இங்கே எதைப் போடுவது? கிளிஞ்சல் சுண்ணாம்பில் பிடித்த உருண்டை தண்ணீரில் போட்ட மறுநாளே சேறாகிவிடுகிறது. கடுக்காய்த் தண்ணீர் விட்டுப் பிசைந்தாலும் அதே கதைதான்.

3. இவ்வளவு உறுதியான கட்டடத்தை 1882-ல் ஏன் இறக்கினார்கள்? கோபுரம் ஆடியது என்கிறார்கள் சிலர், பாறை அரித்துவிட்டது என்கிறார்கள் சிலர். மாணவர்கள் அறிக்கையில் எதை எழுதுவது?

கல்தச்சன்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். சாந்து மற்றவர்களுக்கு.

மாதிரியைப் பாறையிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான மாதிரிகளில் தட்டையான பலகைமேல் கோபுரத்தை நட்டுவிடுகிறார்கள், பாதி விஷயம் அங்கேயே போய்விடும். எடிஸ்டோன் பாறையின் மேற்பரப்பு தென்மேற்குப் பக்கமாகச் சரிந்திருக்கும். அந்தச் சரிவில் ஸ்மீட்டன் படிக்கட்டு மாதிரி ஆறு தட்டுகளை வெட்டினார். தட்டின் விளிம்பிலும் புறாவால் குழிகள் வெட்டி, கீழ்வரிக் கற்களைப் பாறையோடேயே பூட்டினார். அதனால் முதல் ஆறு வரிகள் முழு வட்டமாக இருக்காது, பிறைத் துண்டுகளாக இருக்கும். 1757 ஜூன் 12-ல் வைத்த முதல் கல் இரண்டேகால் டன். முதல் வரிக்கு மொத்தம் நான்கே கற்கள். ஆறாவது வரி முடியும்போதுதான் சரிவு நிரவப்பட்டு, ஏழாவதிலிருந்து முழு வட்டம். அங்கே விட்டம் 26 அடி, உங்கள் அளவில் 40 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. வாசல் மட்டம் வரை உள்ளே வெற்றிடமே இல்லை, முழுக்கக் கல்.

ஒரு முழு வரியை நடுவிலிருந்து வெளியே நோக்கி அடுக்க வேண்டும். நடுக்கல் சுமார் நான்கடிச் சதுரம். அதன் நான்கு பக்கத்திலும் புறாவால் குழி. அவற்றில் நான்கு கற்கள், பிறகு அவற்றைச் சுற்றி வளையம் வளையமாக. வெளி வளையம் கிரானைட், உள்ளே போர்ட்லண்ட் கல் (ஒரு வகைச் சுண்ணாம்புக்கல்). போர்ட்லண்ட் கல் உளிக்கு இளகும், வேலை சீக்கிரம் ஆகும், ஆனால் கடல்நீரில் துளைபோடும் சிப்பி வகை ஒன்று அதைக் குடைந்துவிடும். வெளிப்பக்கம் கிரானைட் போட அதுவும் ஒரு காரணம். இரண்டு நிறத்தில் வார்த்தால் மாதிரியில் இது தெளிவாகத் தெரியும்.

புறாவால் பூட்டு பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. அது அதே வரியில் பக்கத்துக் கல்லைத்தான் பிடிக்கும். மேல்வரி கீழ்வரியின் மேல் வழுக்குவதை அது தடுக்காது. அந்த வேலைக்கு இரண்டு சாமான்கள்.

ஒன்று, பளிங்கு முளை. நடுக்கல்லில் ஒரு பெரிய பளிங்குக் கட்டை, அதைச் சுற்றி ஓரடிக் கனசதுரமாக எட்டு. ஒவ்வொன்றும் பாதி கீழ்வரிக்குள், பாதி மேல்வரிக்குள் இருக்கும். உங்கள் அளவில் ஒன்றரை செ.மீ. கட்டைகள். அலை பக்கவாட்டில் தள்ளும்போது வரிகள் நகராமல் நிறுத்துவது இவைதான்.

இரண்டு, ஓக் மர முளை. வைத்த கல் ஒவ்வொன்றிலும் மேலிருந்து துளை போட்டு, கீழ்வரிக் கல்லுக்குள்ளும் கொஞ்ச ஆழம் இறக்குவார்கள். முளையின் அடிமுனையை ரம்பத்தால் பிளந்து, ஒரு சின்ன ஆப்பை அதில் செருகியபடி துளையில் விடுவார்கள். ஆப்பு துளையின் அடியில் முட்டி நிற்கும். மேலே அடிக்க அடிக்க ஆப்பு முளைக்குள் ஏறி அதை விரித்துவிடும், பிறகு பிடுங்க முடியாது. மேல்முனையிலும் ஓர் ஆப்பு. இது காலத்துக்கும் தாங்க வேண்டிய பிடிப்பு அல்ல. சாந்து இறுகி மேல்வரியின் பாரம் ஏறும்வரை, புதிதாக வைத்த கல்லை அலை தூக்கிவிடாமல் இருப்பதற்கு. மேலே பாரம் இல்லாத கல்லுக்குத்தான் ஆபத்து அதிகம்.

இன்னொன்று. புறாவால் கல்லைப் பக்கத்திலிருந்து தள்ளிப் பூட்ட முடியாது, மேலிருந்துதான் இறக்க வேண்டும். இறங்க வேண்டுமானால் இடைவெளி வேண்டும். இடைவெளி இருந்தால் பூட்டு ஆடும். இதற்காகக் கல்லின் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஓரங்குல ஆழம், மூன்றங்குல அகலத்தில் பள்ளங்கள் வெட்டியிருந்தார்கள். பள்ளத்தில் இரண்டு ஓக் ஆப்புகள். ஒன்றைத் தலைகீழாக நிறுத்தி, மற்றொன்றை மேலிருந்து அடிப்பார்கள். கல் இறுகிய பிறகு மிச்ச இடுக்குகளில் நீர்த்த சாந்தை ஊற்றுவார்கள். மாதிரியில் இந்தப் பள்ளங்களை விட்டுவிட்டால் உங்கள் கட்டிகள் கையில் எடுக்க எடுக்க வரும், “இதுதான் பெரிய பூட்டா?” என்று மாணவன் கேட்பான்.

சூளைச்சாம்பல்:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், சார்.

விகிதம் அளவில்தான். நீற்றிப் பொடியான சுண்ணாம்பு ஒரு பங்கு, பொசொலானா ஒரு பங்கு. சுண்ணாம்பு தெற்கு வேல்ஸ் கடற்கரையில் அபர்த்தா என்ற இடத்து நீலநிறச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டது. பொசொலானா இத்தாலியில் சிவிட்டாவெக்கியா துறைமுகத்திலிருந்து வந்த எரிமலைச் சாம்பல் மண்.

இதில் கவனிக்க வேண்டியது, ஸ்மீட்டனுக்குத் தண்ணீரில் இறுகும் குணம் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. பொசொலானா ஒரு பக்கம், சுண்ணாம்பும் ஒரு பக்கம். அவர் காலத்துக் கொத்தனார்கள் கெட்டியான கல்லைச் சுட்டால் கெட்டியான சுண்ணாம்பு வரும் என்று நம்பினார்கள். பிளிமத்தில் வில்லியம் குக்வொர்த்தி என்ற வேதியியல் தெரிந்தவரின் உதவியோடு அவர் கற்களை அமிலத்தில் கரைத்துப் பார்த்தார். அபர்த்தா கல் கரைந்தபின் அடியில் நீலம் பாய்ந்த களிமண் தங்கியது, எடையில் எட்டில் ஒரு பங்கை ஒட்டி. எந்தக் கல்லில் இப்படிக் களிமண் கலந்திருக்கிறதோ அந்தச் சுண்ணாம்புதான் தண்ணீரில் இறுகுகிறது, கல்லின் கெட்டித்தன்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவர் கண்டார். பின்னால் வந்த சிமென்ட் ஆராய்ச்சிக்கெல்லாம் இது அடிப்படை.

உங்கள் உருண்டை கரைவதற்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. கிளிஞ்சல் சுண்ணாம்பு ஏறக்குறைய தூய சுண்ணாம்பு, களிமண் இல்லை. அது காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும். தண்ணீருக்குள் அதற்கு வழி இல்லை. கடுக்காயும் வெல்லமும் சாந்தின் குழைவுக்கும் வேறு குணங்களுக்கும் உதவலாம், இந்த வேதிவினைக்குத் தேவையான சிலிக்காவையும் அலுமினாவையும் அவை தராது. அதைத் தருவது நம் ஊரில் சுர்க்கி, அதாவது சுட்ட களிமண் பொடி.

ஆய்வகத்துக்குச் செய்முறை:

கல்லைச் சோதிக்க, சுண்ணாம்புக்கல்லை நன்றாகப் பொடித்து 10 கிராம் எடுங்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, நுரை அடங்கும்வரை விடுங்கள். மொத்தமாக ஊற்றினால் பொங்கி வெளியே போகும், எடைக் கணக்கும் போகும். (ஸ்மீட்டன் பயன்படுத்தியது நைட்ரிக் அமிலம். மாணவர்கள் கையில் அது வேண்டாம்.) வடிகட்டி, கழுவி, காயவைத்து எடை போடுங்கள். மிச்சத்தை விரலில் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் மணல், அது கணக்கில் சேராது. வழவழவென்றால் களிமண். ஸ்மீட்டன் அந்தக் களிமண்ணை உருட்டிச் சுட்டுப் பார்த்தார், செங்கல் போலச் சிவந்து கெட்டியானது.

சாந்துக்கு நான்கு உருண்டைகள் பிடியுங்கள், ஒவ்வொன்றும் இரண்டங்குல விட்டம்: வெறும் கிளிஞ்சல் சுண்ணாம்பு; சுண்ணாம்பு ஒன்று, சுர்க்கி ஒன்று; சுண்ணாம்பு ஒன்று, சுர்க்கி இரண்டு; சுண்ணாம்பு ஒன்று, மணல் ஒன்று. கடைசியது ஒப்பிடுவதற்கு. சும்மா எந்தத் தூளையும் சேர்த்தால் போதாது என்பது அதில் தெரியும். தண்ணீரை முடிந்த அளவு குறைத்து, உருட்டினால் விரிசல் விடாத பதத்துக்குப் பிசையுங்கள். ஈரச் சாக்கு மூடி இரண்டு நாள் வைத்து, பிறகு தண்ணீரில் போடுங்கள். முதல் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் நகத்தால் அழுத்திப் பாருங்கள். 7-ஆம் நாள் சுர்க்கி உருண்டையில் நகம் பதிந்தால் பதற வேண்டாம், இந்த வினை மெதுவானது. ஆனால் விளிம்பு கூர்மையாக நிற்க வேண்டும், தண்ணீர் பால்போலக் கலங்கக் கூடாது.

கெடுவது எங்கே என்றால், முக்கால்வாசி சுர்க்கியில்தான். கடையில் சுர்க்கி என்று விற்பது பல நேரம் வெறும் செங்கல் உடைசல். முறுகச் சுட்ட செங்கல், கருத்துக் கண்ணாடிபோல் ஆனது, உதவாது. அரைகுறையாகச் சுட்டு இளஞ்சிவப்பாக இருப்பதுதான் வினைபுரியும், களிமண்ணை 600–800 டிகிரி செல்சியஸில் சுட்டால் போதும். அதையும் மாவாக அரைக்க வேண்டும். குருணையாக இருந்தால் அது மணல் வேலையைத்தான் செய்யும். அடுத்தது, திறந்து கிடந்த பழைய நீற்றுச் சுண்ணாம்பு. காற்றோடு சேர்ந்து பாதி திரும்பவும் சுண்ணாம்புக்கல் ஆகியிருக்கும். புதிதாக நீற்றிச் சலித்து எடுங்கள். சலிக்காமல் விட்டால் நீறாத பருக்கைகள் பிறகு ஊதி உருண்டையை உடைக்கும்.

இந்தியத் தர நிர்ணயங்களில் சுண்ணாம்பு வகைப்பாட்டுக்கு ஐஎஸ் 712, சுர்க்கிக்கு ஐஎஸ் 1344. அறிக்கையில் இவற்றைக் குறிப்பிட்டால் மாணவர்களுக்கு மதிப்பெண் கிடைக்கும்.

எடிஸ்டோன் பாறையில் கலவையைப் பெரிய தொட்டியில் போட்டு வைக்கவில்லை. சின்ன வாளிகளில், கொஞ்சம் கொஞ்சமாக, மரக்கட்டையால் இடித்து இடித்துப் பதப்படுத்தினார்கள். தண்ணீரைக் கூட்டிக் குழைவு வாங்குவதற்குப் பதில் இடித்து வாங்கினார்கள். வெளி மூட்டுகளில் சாந்தை அலை கழுவிவிடாமலிருக்க, மேலே பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) பூசி மூடினார்கள். அது நிமிடங்களில் இறுகும். கடலில் நிலைக்காது, ஆனால் உள்ளே இருக்கிற சாந்து பிடிக்கிறவரை தாக்குப்பிடித்தால் போதுமே.

மீகாமன்:

மூன்றாவது கேள்விக்கு இரண்டு காரணங்களையும் எழுதுங்கள், மூன்றாவதாக ஒன்றையும் சேருங்கள்: உயரம்.

இடம் எப்படிப்பட்டது என்று மாணவர்களுக்கு முதலில் சொல்லுங்கள். பிளிமத் அருகே கரையிலுள்ள ரேம் முனையிலிருந்து தெற்கே சுமார் 14 கி.மீ. தள்ளி, திறந்த கடலில் இருக்கிறது; கடல் ஏற்றம் பெரிதாக வரும்போது பாறைகள் பெரும்பாலும் மூழ்கிவிடும். மேற்கிலிருந்து ஆங்கிலக் கால்வாய்க்குள் வந்து பிளிமத்துக்குத் திரும்பும் கப்பலுக்கு நேர் வழியில் நிற்கிறது. ஸ்மீட்டனுடையது அங்கே மூன்றாவது. வின்ஸ்டன்லி 1698-ல் ஏற்றியது 1703 நவம்பர் புயலில் அவரையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது. ருட்யர்டு கட்டிய மரக்கோபுரம் 1755 டிசம்பரில் தீப்பிடித்து எரிந்தது. ஆகவே ஸ்மீட்டன் மரத்தை விட்டுக் கல்லுக்குப் போனதில் அலை மட்டுமல்ல, நெருப்பும் ஒரு காரணம்.

1759 அக்டோபர் 16-ல் ஏற்றியபோது விளக்கு என்பது 24 மெழுகுவத்திகள். 19-ஆம் நூற்றாண்டில்தான் எண்ணெய் விளக்கும் பிரதிபலிப்பானும், பிறகு 1845-ல் லென்சும் வந்தன.

உயரக் கணக்கு இது. கடல் மைலில் தொடுவானத் தூரம் = 2.08 × (விளக்கின் உயரத்தின் வர்க்கமூலம் + பார்ப்பவர் கண்ணின் உயரத்தின் வர்க்கமூலம்), உயரங்கள் மீட்டரில். ஸ்மீட்டன் விளக்கு நீர்மட்டத்துக்கு மேல் 72 அடி, அதாவது 22 மீட்டர். கண் 4 மீட்டர் உயரத்தில் என்றால் சுமார் 14 கடல் மைல். இப்போதைய விளக்கு 41 மீட்டர். அதே கண்ணுக்கு பதினேழரை. மெழுகுவத்திக் காலத்தில் இந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை, ஏனென்றால் தொடுவானத்தை எட்டும் முன்பே வெளிச்சம் தீர்ந்துவிடும். லென்ஸ் வந்த பிறகுதான் உயரம் ஒரு தடையானது. வேகமான நீராவிக் கப்பல்களுக்கு அந்த மூன்றரை மைல் பெரிய விஷயம்.

ஆட்டம் உண்மைதான். பெரிய அலை அடித்தால் கோபுரம் பக்கவாட்டில் குலுங்கியது. கோபுரம் நின்ற பாறையின் அடியைக் கடல் குடைந்திருந்தது. கூடவே ஸ்மீட்டன் அடியில் அகலமாக வைத்து உள்வளைவாக மேலே ஏற்றிய அந்த வடிவம் (ஓக் மரத்தின் அடித்தண்டைப் பார்த்து எடுத்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார்) அலைக்கு ஏணியாகவும் ஆனது. வளைவின்மேல் ஏறிய தண்ணீர் உச்சியில் விளக்கறைக்கு அடியிலுள்ள பிதுங்கிய விளிம்பில் போய் முட்டும். விளிம்புக் கற்களைக் கீழிருந்து மேலே தூக்கும். விளக்கையும் மறைக்கும். உள்ளே இரும்புக் கட்டுகள் போட்டுச் சமாளித்துப் பார்த்தார்கள்.

ஜேம்ஸ் டக்ளஸ் 1878-ல் தொடங்கி 1882 மே 18-ல் ஏற்றிய புதிய கோபுரம் அதே பாறைக்கூட்டத்தில், பழையதிலிருந்து சுமார் 120 அடி தள்ளி நிற்கிறது. அதன் அடி வளைவாக இல்லை. 44 அடி விட்டம், 22 அடி உயரத்தில் செங்குத்தான உருளை. அலை அதில் மோதி உடைந்துவிடும், மேலே ஏறாது. படகிலிருந்து இறங்கத் தளமும் ஆயிற்று. கற்களில் பக்கவாட்டுப் பூட்டோடு மேல்–கீழ்ப் பூட்டும் வெட்டிவிட்டார், பளிங்கு முளையின் வேலையைக் கல்லே பார்த்துக்கொண்டது. 1982-ல் ஆளில்லாமல் தானே இயங்கும்படி மாற்றினார்கள். இப்போது 10 நொடிக்கு இரண்டு வெள்ளை மின்னல்கள். வடமேற்கே மூழ்கியிருக்கும் ஹேண்ட் டீப்ஸ் திட்டைக் காட்டத் தனியே ஒரு சிவப்பு விளக்கு.

கல்தச்சன்:

பாறை அரிப்பு பற்றி ஒரு சின்ன மாற்றுக் கருத்து. ஸ்மீட்டன் கோபுரத்தின் மேல்பகுதியைக் கழற்றிப் பிளிமத் ஹோ மேட்டில் மீண்டும் கட்டினார்கள், 1884-ல் திறந்தார்கள், இன்றும் மேலே ஏறிப் பார்க்கலாம். ஆனால் திட அடிப்பாகத்தை எடுக்க முடியவில்லை, அவ்வளவு இறுகியிருந்தது. அந்த அடிக்கட்டை இன்னும் அதே பாறைமேல் நிற்கிறது, பாறையும் நிற்கிறது. “பாறை தாங்காது” என்ற தீர்ப்பு அன்றைய பொறியாளர்களுக்கு நியாயமாகப் பட்டிருக்கும். மேல்பாரமும் நெம்புகோல் நீளமும் போனபிறகு மிச்சம் நிற்பதை வைத்து, முழுக் கோபுரமும் நின்றிருக்கும் என்று சொல்லவும் முடியாது. அறிக்கையில் மாணவர்கள் இரண்டு பக்கத்தையும் எழுதட்டும்.

தளங்களையும் மறக்க வேண்டாம். ஸ்மீட்டன் அறைகளின் தளத்தைக் கவிகையாக (குவிந்த வளைவாக) போட்டார். கவிகை சுவரை வெளியே தள்ளும். அதை அடக்கச் சுவரின் சுற்றளவில் காடி வெட்டி, இரும்புச் சங்கிலி வைத்து, உருக்கிய ஈயம் ஊற்றினார். அடுத்து ஸ்காட்லாந்தின் பெல் ராக் கலங்கரை விளக்கத்தில் (1811-ல் ஏற்றியது) ராபர்ட் ஸ்டீவன்சன் தளக் கற்களையே சுவருக்குள் நீட்டிப் பூட்டினார். தளம் சுவரைத் தள்ளுவதற்குப் பதில் இழுத்துக் கட்டியது. என் கணக்கில் இது ஸ்மீட்டனைவிட நல்ல தீர்வு.

கட்டடப்பாடம்:

மிக்க நன்றி. இரண்டு கேள்விகள் மட்டும். மாதிரியில் வரிகளுக்கு நடுவே ஃபெவிகால் தடவலாமா? ஓக் ஆப்புக்குப் பல்குத்தும் குச்சியைச் சீவிப் போட்டால் பிளாஸ்டர் கட்டி பிளந்துவிடுகிறது.

சூளைச்சாம்பல்:

ஃபெவிகால் வேண்டாம், கழற்றிக் காட்ட முடியாமல் போய்விடும். இடையில் ஒன்றும் போடாமல் முளையும் ஆப்பும் மட்டும் வைத்து ஒரு வரியை நிறுத்துங்கள். பலகையை 30 டிகிரி சாய்த்து, முளை உள்ள வரியும் முளை இல்லாத வரியும் எப்படி நடந்துகொள்கின்றன என்று காட்டலாம்.

இந்த வட்டாரத்துத் தொடர்பு ஒன்றைத் தேடினால், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் பழைய கலங்கரைத் தூணை (1844-ல் ஏற்றியது) வடிவமைத்த ஜே. டி. ஸ்மித், சுண்ணாம்புச் சாந்து பற்றி விக்கா என்ற பிரெஞ்சுப் பொறியாளர் எழுதிய நூலை 1837-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர். ஸ்மீட்டன் தொடங்கிவைத்த களிமண் விஷயத்தை விரிவாக ஆராய்ந்தவர் விக்கா. ஒரு பத்தி சேர்க்கலாம்.

கல்தச்சன்:

பிளப்பது ஆப்பின் குற்றமில்லை, பள்ளத்தின் இடம் சரியில்லை. பள்ளம் புறாவாலின் மூலைக்குப் பக்கத்தில் வந்தால் அங்கே பிளாஸ்டர் மெல்லிசு, தெறித்துவிடும். கல்லின் இடைப்பகுதியில், மூலையிலிருந்து குறைந்தது ஒரு செ.மீ. தள்ளி வெட்டுங்கள். 1:20 கணக்குப்படி பள்ளம் ஒன்றேகால் மி.மீ. ஆழம்தான் வரும், அவ்வளவு நுணுக்கமாக வெட்ட வராது, 2 மி.மீ. ஆழம், 4 மி.மீ. அகலம் என்று வையுங்கள். குச்சியை ஒரே ஆப்பாக அடிக்காமல் இரண்டாகச் சீவி, ஒன்றைத் தலைகீழாக நிறுத்தி மற்றதை இறக்குங்கள். அப்போதுதான் இரண்டு பக்கமும் இணையாக அழுத்தும். ஒற்றை ஆப்பு மேல்விளிம்பில் மட்டும் நெருக்கி உடைக்கும். சுத்தியல் வேண்டாம், கட்டைவிரல் போதும். பிளாஸ்டரைக் குறைந்தது நான்கைந்து நாள் நிழலில் காயவிடுங்கள், ஈரத்தோடு இருந்தால் மூங்கில் குச்சி ஈரத்தை வாங்கி ஊதி, அடித்தபோது தாங்கிய கட்டியையும் மறுநாள் பிளந்துவிடும்.

ஒவ்வொரு வரிக்கும் 6 மி.மீ. பிளைவுட்டில் வார்ப்பு அச்சு வெட்டி, சோப்புத் தண்ணீர் தடவி வாருங்கள். வரியின் உயரத்தை மாதிரிக்காக ஒன்றரை அடி என்று வைத்தால் 2.3 செ.மீ. வரும். அச்சிலிருந்து எடுத்ததும் கட்டியின் மேல் முகத்தில் வரி எண்ணும் கல் எண்ணும் கீறிவிடுங்கள். பக்கத்துக் கட்டிகளின் மூட்டுக்குக் குறுக்கே ஒரு கோடும் இழுத்துவிடுங்கள். பிளிமத்தில் மில் பே பணிக்களத்திலும் ஒவ்வொரு வரியையும் தரையில் முழுக்க அடுக்கிப் பார்த்து, குறியிட்டு, கழற்றிய பிறகுதான் படகில் ஏற்றினார்கள். பாறையில் போய்க் கல்லைச் செதுக்க நேரம் கிடையாது.